முந்நூற்று இருபது ‘வாரேன்’

அரங்கேற்றத்துக்கு இன்னும் இருபத்தொரு நாள் இருந்தபோது, சேலை என்ன நிறம் என்ற ஒரே கேள்விக்கு ஏழு வாட்ஸப் குழுக்களில் ஒன்பது பதில்கள் கிடந்தன. மாம்பழ மஞ்சள் என்றது ஒரு குழு. மஞ்சள்தான், ஆனால் கரை அரக்கு என்றது இன்னொன்று. ஒருத்தி போன வருஷத்துக் கிளிப்பச்சைச் சேலைப் படத்தைத் தேடி எடுத்துப் போட்டு, “இதானுங்களே அக்கா?” என்று கேட்டிருந்தாள். அதற்குக் கீழே பதினான்கு பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். கைகூப்பினால் ஆமாம் என்று அர்த்தமா, வணக்கம் என்று அர்த்தமா, ஆளை விடு என்று அர்த்தமா என்று பிரவீனாவுக்கு விளங்கவில்லை. அடுப்பில் குக்கர் நாலாவது விசில் அடித்தது. அவள் எழுந்து அணைக்கவில்லை. கட்டைவிரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போனாள்.

வள்ளி கும்மி இப்போது பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் ஊருக்கு ஊர் பிடித்துக்கொண்ட ஆசை. மேளத்துக்கும் வாத்தியார் பாட்டுக்கும் வட்டம் சுற்றிக் கைதட்டி ஆடுவது. நாற்பது நாள் பயிற்சி, பிறகு ஊரறிய அரங்கேற்றம். இந்த முறை பதினான்கு ஊர்களிலிருந்து முந்நூற்று இருபது பெண்கள், காவிரிக்கரை மைதானத்தில், ஒரே வட்டமாக. தோட்டம் வைத்திருக்கிற வீட்டுப் பெண்களும் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிற பெண்களும் பள்ளிக்கூட டீச்சரும் ஒரே நிறச் சேலையில். அதை நினைத்தாலே பிரவீனாவுக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது.

கூடவே ஒரு பயமும் வந்தது. அது அவளுக்குப் பழைய பயம்.

போன வருஷம் வேறொரு ஊரில் நடந்த அரங்கேற்றத்துக்கு ஒரு வேனில் பதினெட்டுப் பேர் போனார்கள். அதில் பிரவீனாவும் ஒருத்தி. இடம் மாறிவிட்டது என்று கடைசி நேரத்தில் ஒரு குழுவில் செய்தி வந்தது. இவர்கள் இருந்தது வேறு குழு. மல்லிகைப் பூவும் காலில் சலங்கையுமாக ஒரு காலி மைதானத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கடைசியில் பக்கத்தில் நின்ற மாரக்காள், கொடிக்கால் வேலைக்குப் போகிறவள், ஐம்பது வயதிருக்கும், தலையில் இருந்த பூவை எடுத்து ஓர் ஆட்டுக்கு நீட்டினாள். “இந்தா, நீயாச்சும் அரங்கேற்றம் பண்ணு” என்றாள். பதினெட்டுப் பேரும் சிரித்துவிட்டார்கள். வேனில் ஏறியபிறகு ஒருவரும் பேசவில்லை.

பிரவீனாவை அறுத்தது அந்த ஒன்றரை மணி நேரம் இல்லை. அங்கே பாட்டு தொடங்கியபோது, “பதினெட்டுப் பேரைக் காணோமே” என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதுதான். பதினெட்டுப் பேர் இல்லாமலே வட்டம் மூடிக்கொண்டது, ஒரு தழும்புகூட இல்லாமல். நாம் இல்லாத இடம் நாம் இல்லை என்பதைக்கூடக் கவனிக்காது என்ற நினைப்பு அவளுக்குப் புதிதில்லை. பெங்களூரில் கம்பெனி வேலையை விட்டுக் கல்யாணமாகி வந்த பிறகு, அவள் மேசையில் அடுத்த திங்கட்கிழமையே வேறொருத்தி உட்கார்ந்துவிட்டதாகத் தோழி சொன்னபோதும் இப்படித்தான் இருந்தது. பதின்மூன்று வருஷமாகிவிட்டது.

குக்கர் ஆறாவது விசில் அடித்தது. எழுந்து அணைத்தாள். அப்போதுதான் தோன்றியது. அவள் அந்தக் கம்பெனியில் செய்துகொண்டிருந்த வேலையே அதுதானே? ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் செய்தியை ஒரே இடத்தில் கொண்டுவந்து வைப்பது. இந்த அரங்கேற்றத்துக்கென்று தனியாக ஒரு வலைத்தளம் போட்டால் என்ன?

மகளின் லேப்டாப்பைச் சமையல் மேடையில் வைத்துத் திறந்தாள். விரல்கள் முதலில் திணறின. அரை மணியில் பழசெல்லாம் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வர வர நெஞ்சு படபடத்தது. பருப்பு சாதத்தை மறந்தாள். மாலை மகள் வந்து, “அம்மா, ஏன் நீங்களா சிரிச்சுட்டு இருக்கறீங்க?” என்று கேட்கும்வரை தான் சிரித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது.

கணவன் ஜெகதீஸ்வரன் ராய்ப்பூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு இருந்தான். போனில் சொன்னதும் சிரித்தான்.

“கும்மிக்கு வெப்சைட்டா? எங்க ரிக்குக்கே இல்லீங்க அம்மிணி.”

“உங்க ரிக்குல முந்நூத்தி இருவது பொம்பளைங்க ஏறுனா அதுக்கும் போட்டுத் தர்றேன்.”

“ஐயோ சாமி, வேண்டாம். நாலு பேரக் கட்டி மேய்க்கறதே பெரும்பாடு” என்றவன், கொஞ்சம் பொறுத்து, “நெம்ப நாள் கழிச்சு உன்ற கொரலு இப்படி இருக்குது” என்றான். அவள் போனை வைத்துவிட்டாள். கண் கலங்கியதை அவனுக்குத் தெரியப்படுத்த வேண்டியதில்லை.

மூன்றாவது நாள் தளம் தயார். நீளமான ஒரே பக்கம். மேலே நாள், நேரம், இடம், வரைபடம். அதற்குக் கீழே சேலை. நிறத்துக்குப் பெயரே சொல்லாமல், வெயிலில் எடுத்த படம், உள் வெளிச்சத்தில் எடுத்த படம், கடை விலாசம். பிறகு எந்த ஊரிலிருந்து எந்த பஸ், வேன் எத்தனை மணிக்கு எந்த மரத்தடியில். படிக்க வராதவர்கள் கேட்க வாத்தியார் குரலில் எல்லாவற்றையும் சொல்லும் ஒரு பொத்தான். அதற்கும் கீழே ஊர்வாரியாக முந்நூற்று இருபது பெயர்கள், ஒவ்வொரு பெயரையும் ஒட்டி ஒரு பச்சைப் பொத்தான். ‘பங்கேற்பை உறுதி செய்க’ என்றுதான் முதலில் எழுதினாள். படித்துப் பார்த்தாள். ஏதோ ஆபீஸில் கையெழுத்துக் கேட்பதுபோல் இருந்தது. அழித்துவிட்டு ‘வாரேன்’ என்று எழுதினாள்.

பெயர்களை அடிக்கும்போது இன்னொன்றும் கவனித்தாள். வாட்ஸப் பட்டியல்களில் பாதிப் பேர் ‘அப்புசாமி வீட்டம்மா’, ‘மளிகைக்கடை அக்கா’ என்றுதான் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் போன் போட்டுப் பெயர் கேட்டாள். “என்ற பேரா? எதுக்குங்க?” என்று ஒருத்தி பயந்தாள். பொன்னாயி என்று தன் பெயரைச் சொன்னபோது அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

கும்மி வாத்தியார் சின்னுசாமி எல்லாவற்றையும் பார்த்தார். தன் குரலைத் தானே இரண்டு முறை கேட்டுக்கொண்டார். திருப்திதான். பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போதுதான் முட்டிக்கொண்டார். தளத்துக்குப் போகிற க்யூஆர் கட்டத்தைப் பத்திரிகையின் கீழ் மூலையில் போட வேண்டும் என்றாள் பிரவீனா.

“ஏனம்மிணி, மங்கலப் பத்திரிகைல கருப்புக் கட்டமா? யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க?”

“கருப்பு வேண்டாங்க. குங்குமக் கலர்ல போடலாங்க. போன் அதையும் படிக்கும்.”

“படிக்குமா?”

“படிக்குமுங்க.”

அவர் மனைவி பாப்பாயிதான் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. “குங்குமம்னா போடட்டுமுங்க” என்று அவள் சொன்ன பிறகு மறுபேச்சு இல்லை. ஆயிரம் பத்திரிகை வந்தது. குங்குமக் கட்டம் ஒரு சின்னக் கோலம்போலவே இருந்தது. பிரவீனா அதைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

ஆனால் அவள் ஒன்றை மறந்துவிட்டாள். இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் மறக்கக்கூடாத ஒன்று. பத்திரிகை வந்தால் முதலில் என்ன செய்வார்கள்?

மறுநாள் காலை பயிற்சிக் கொட்டகைக்குள் நுழைந்தபோது, பாப்பாயியும் எட்டுப் பெண்களும் வட்டமாக உட்கார்ந்து, கிண்ணத்தில் குழைத்த மஞ்சளைத் தொட்டுத் தொட்டுப் பத்திரிகையின் நாலு மூலையிலும் தாராளமாகத் தடவிக்கொண்டிருந்தார்கள். கீழ் மூலையில், குங்குமக் கட்டத்தின்மேல், கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள். பிரவீனா போனை எடுத்து ஒன்றின்மேல் பிடித்தாள். படிக்கவில்லை. இன்னொன்று. படிக்கவில்லை.

“நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க!”

கைகள் அந்தரத்தில் நின்றன. விஷயம் விளங்கியதும் ஒரே கூச்சல்.

“அந்த மூலைய மட்டும் உட்டுப்போடலாமா?”

“மூணு மூலைக்கு மஞ்சள் வெச்சா நல்லாருக்குமா? கொறைன்னு சொல்லுவாங்கடி.”

“அப்ப கட்டத்தக் கழுவு.”

“பத்திரிகையக் கழுவறதா? நல்லா வாயில வந்துரும்!”

பிரவீனாவுக்கு அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே வேறொரு நினைவும் வந்தது. இந்தக் கட்டங்கள் கொஞ்சம் அழிந்தாலும் படிக்கும், மீதியை வைத்து ஊகித்துக்கொள்ளும். கம்பெனியில் சொல்லிக் கொடுத்தது. புதுப் பத்திரிகை ஒன்றை எடுத்து, மோதிர விரல் நுனியால் மஞ்சளைத் தொட்டு, கட்டத்தின் நடுவில் ஒரே ஒரு பொட்டு வைத்தாள். எல்லாரும் எழுந்து வந்து அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்கள். போனைப் பிடித்தாள். ‘டிங்’ என்று பக்கம் திறந்தது. குரல் பொத்தானைத் தட்டினாள். வாத்தியார் குரல், “எல்லாருக்கும் வணக்கமுங்க” என்றது.

“பொட்டு அளவுக்குத் தாங்குது!” என்று பாப்பாயி கத்தினாள். அன்றைக்கு மிச்ச எண்ணூற்றைம்பது பத்திரிகைக்கும் மூன்று மூலையில் தடவலும் நாலாவது மூலையில் பொட்டும் வைத்தார்கள். ஒவ்வொரு பொட்டுக்கும் ஒருத்தி போனைப் பிடித்துச் சோதித்தாள். ஒவ்வொரு முறையும் “எல்லாருக்கும் வணக்கமுங்க” என்று கேட்டு, மதியத்துக்குள் வாத்தியாரே கொட்டகையை விட்டு ஓடிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த ஏழு குழுக்களில் சேலைக் கேள்வி வரவில்லை. வந்தால் யாராவது ஒருத்தி, “பக்கத்தப் பாருடி” என்றாள். அவ்வளவுதான். பயிற்சிக்கு வராத நாளில் பாட்டைக் கேட்டுக்கொள்ள முடிந்தது. எந்த ஊர் வேனில் இடம் காலி என்று தெரிந்தது. பிரவீனா காலையில் எழுந்ததும் முதலில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்ற எண்ணைத்தான் பார்ப்பாள். எண் கூடியிருக்கும். அந்தப் பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள். அது போதும், காபி தேவையில்லை.

அரங்கேற்றம் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தெருவில் ஜீப் போனது. மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் திறந்திருக்கிறார்கள், ஆற்றங்கரைக்கு யாரும் போகக்கூடாது, கரையோர மைதானம் மூடப்படுகிறது என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே போனது. ஜீப் தெருமுனை திரும்புவதற்குள் பிரவீனா ஸ்கூட்டரை எடுத்துவிட்டாள்.

வாத்தியார் வீட்டில் வாத்தியார் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பாப்பாயி போனில் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். கால் மணியில் வாழைத்தார் ஏலம் நடக்கிற மண்டி மைதானம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஏலம் இல்லை, இடம் பெரிசு, லாரி திரும்புகிற இடம்.

“இடம் கெடச்சு என்ன பண்றது?” என்றார் சின்னுசாமி. “ஆயிரம் பத்திரிகை மஞ்சள் தடவி ஊட்டுக்கு ஊடு வெச்சாச்சு. ஜனம் பத்திரிகைல இருக்கறதத்தான் நம்பும். ஆத்துக்குத்தான் போகும். பாதிப் பேரு அங்க, பாதிப் பேரு இங்க. அதுக்குப் பதிலாத் தள்ளி வெச்சறலாம்.”

“தள்ளி வெச்சா ஆவணி முகூர்த்தம் வந்துருமுங்க. மறுபடி இத்தன பேரு சேருவாங்களா?” என்றாள் பாப்பாயி.

பிரவீனா தன் குரல் உயர்ந்ததைத் தானே கேட்டாள். “நான் சொல்லிர்றேனுங்க. அத்தன பேருக்கும் சொல்லிர்றேன். ஒருத்தர்கூட ஆத்துப்பக்கம் போயி நிக்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஒருத்தர்கூட.

சின்னுசாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். “சரி. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள முந்நூறு பேரு மண்டிக்கு வாரேன்னு சொல்லோணும். இல்லீன்னா நிறுத்தீர்றேன். பேச்சு மாறக்கூடாது.”

அங்கேயே வாசல்படியில் உட்கார்ந்து மாற்றினாள். ஒரே வரி. ‘இடம்: வாழைத்தார் ஏல மண்டி மைதானம்.’ வரைபடத்தை நகர்த்தினாள். வாத்தியார் குரலைப் புதிதாகப் பதிவு செய்து ஏற்றினாள். பிறகு முந்நூற்று இருபது பச்சைப் பொத்தான்களையும் வெறுமையாக்கினாள். சேர்ந்திருந்ததையெல்லாம் கொட்டிக் கவிழ்ப்பதுபோல் இருந்தது. மேலே எழுதினாள்: ‘புது இடத்துக்கு வருகிறவர்கள் மறுபடியும் அமுக்குங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் போன் இல்லையென்றால் அவரிடம் கேட்டு அவருக்கும் அமுக்குங்கள்.’ ஏழு குழுக்களிலும் தள முகவரியை மட்டும் போட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு ஒன்பது ‘வாரேன்’. இரண்டு மணிக்கு எழுபத்தொன்று. அப்போதுதான் எங்கிருந்தோ ஒரு செய்தி குழு குழுவாகப் பரவியது. ‘வெள்ளம் காரணமாகக் கும்மி ரத்து. அனைவருக்கும் பகிரவும்.’ கீழே கைகூப்பும் படங்கள். எழுபத்தொன்று எழுபத்தொன்றாகவே நின்றது. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம்.

பிறகு பாண்டமங்கலம் குழுவில் பொன்னாயி, தன் பெயரைச் சொல்லவே தயங்கியவள், குரல் செய்தி போட்டாள். “யாருங்க ரத்துன்னு போடறது? பக்கத்தப் பாத்துப்போட்டுப் பேசுங்க. அதுல நடக்குதுன்னு இருக்குது. என்ற பேரும் இருக்குது. நான் அமுக்கிட்டேன்.”

எழுபத்திரண்டு. எழுபத்தைந்து. எண்பத்தெட்டு. பொத்தனூர் மொத்தமாக வந்து விழுந்தது, ஒரே மூச்சில் இருபத்தாறு பெயர். யாரோ ஒருத்தி வீடு வீடாகப் போனோடு போயிருக்க வேண்டும். பிரவீனாவும் பாப்பாயியும் ஒரு போனின்மேல் தலையோடு தலை முட்டிக் குனிந்திருந்தார்கள். கிரிக்கெட் பார்ப்பதுபோல் பாப்பாயி ஒவ்வொரு பெயருக்கும் தொடையில் தட்டினாள். “அட, ஜேடர்பாளையத்து டீச்சரு! வாடி வா! நூத்தி எழுவது!”

ஐந்தரைக்கு இருநூற்று எண்பத்தொன்று. வாத்தியார் பார்க்காததுபோல் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஐந்து ஐம்பதுக்கு, “இப்ப எத்தனை?” என்று கேட்டார். “முந்நூத்தி நாலுங்க!” என்று இருவரும் சேர்ந்து கத்தியதில் மாடத்திலிருந்த புறா பறந்தது. அவர் உள்ளே போய் மேளக்காரருக்குப் போன் போட்டு மண்டிக்கு வழி சொன்னார்.

பிரவீனா அன்றைக்கே இன்னொரு வரியும் சேர்த்தாள். மண்டியில் வாழைச்சருகு கிடக்கிறது, காலை எட்டு மணிக்குக் கூட்டிப் பெருக்க இருபது பேர் வேண்டும். ஞாயிறு காலை நாற்பத்தாறு பேர் துடைப்பத்தோடு வந்து நின்றார்கள். பதினொரு மணிக்கு மைதானம் பாய் விரிக்கலாம்போல் இருந்தது. எண் முந்நூற்றுப் பத்தொன்பது.

முந்நூற்றுப் பத்தொன்பது. மற்ற எல்லாருக்கும் அது கொண்டாட்டம். பிரவீனாவுக்கு மட்டும் விடுபட்ட அந்த ஒரு வெறும் பொத்தான் கண்ணில் துரும்பாகக் கிடந்தது. பெயர் மாரக்காள்.

அவளிடம் இருந்தது பொத்தான் போன். பிரவீனா நாலு முறை அடித்தாள், அணைத்து வைத்திருந்தது. வேன்காரரைக் கேட்டாள். மரத்தடிக்கு வரவில்லை என்றார். மண்டியில் மூன்று மணிக்கே பெண்கள் மஞ்சள் மஞ்சளாக வந்து இறங்கத் தொடங்கிவிட்டார்கள். சலங்கைச் சத்தம், பூ வாசம், “இங்க வாடி, கொண்டையச் சரி பண்ணி உடு” என்று கூச்சல். ஒருத்தருக்குக்கூட நிறம் மாறவில்லை. இத்தனைக்கும் நடுவில் பிரவீனா போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“உடு அம்மிணி, ஒரு ஆளு தானே” என்றாள் பக்கத்தில் நின்றவள்.

ஒரு ஆள்தான். காலி மைதானத்தில் ஆட்டுக்குப் பூ நீட்டிய அதே ஆள். இரண்டாம் தடவையாக அவள் சேலை கட்டி, பூ வைத்து, யாருமில்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்தால்? இந்த முறை பொறுப்பு என்று சொன்னது யார்? தன் நெஞ்சுக்குள் ஒரு பகுதி, முந்நூற்றுப் பத்தொன்பது போதாதா என்று கேட்டதையும், இன்று ஆடாமல் போனால் என்ன ஆகும் என்று பயந்ததையும் பிரவீனா வெட்கத்தோடு கவனித்தாள். நாற்பது நாள் அவளும்தான் ஆடிப் பழகியிருக்கிறாள். மணி மூன்று நாற்பது.

பாப்பாயியிடம் பட்டியலைக் காட்டி, “நான் ஆத்துக்குப் போயிட்டு வந்தர்றேனுங்க” என்று சொல்லிவிட்டு, தன் சலங்கையை வண்டியில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

ஆற்றுக்குப் போகிற சாலையின் கடைசியில் போலீஸ் தடுப்பு. தடுப்புக்கு அப்பால் காவிரி செம்மண் நிறத்தில் கரையை முட்டிக்கொண்டு, ஒரு பெரும் இரைச்சலாக ஓடிக்கொண்டிருந்தது. தடுப்புக்கு இப்பால், வெயிலில், மாம்பழ மஞ்சள் சேலையில் மாரக்காள் நின்றிருந்தாள்.

பிரவீனா வண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

“அக்கா! ஏனுங்கக்கா இங்க நிக்கறீங்க? இடம் மாறுனது யாரும் சொல்லலீங்களா?”

மாரக்காள் அவளைப் பார்க்காமல், ஒரு மொபெட்டில் வந்த குடும்பத்தை நோக்கிக் கை நீட்டினாள். “கும்மிக்குத்தானே? இங்கில்லீங்க. ஏல மண்டிக்குப் போங்க, வந்த வழியே போயி வலது கைப்பக்கம். சீக்கிரம் போங்க, எடம் புடிங்க.” மொபெட் திரும்பியது. பிறகுதான் பிரவீனாவிடம் திரும்பினாள். “தெரியாமயா நிக்கறேன்? நேத்தே எதுத்த ஊட்டுப் புள்ள போன்ல வாத்தியார் கொரலப் போட்டுக் காமிச்சுது. மூணு தடவ கேட்டேன்.”

“பொறவு?”

“பொறவென்ன? ஆடறவங்களுக்கு நீ சொல்லிப்போட்ட. பாக்க வர்ற ஜனத்துக்கு? பத்திரிகைய மடியில முடிஞ்சுக்கிட்டு இங்கதான வருவாங்க? ஒரு மணிக்கு வந்தேன். இதுவரைக்கும் நாப்பது ஊட்டுச் சனமாச்சும் திருப்பி அனுப்பிச்சிருப்பேன்.”

தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் சிரித்தார். “இந்தம்மா எனக்கு வேலையே வெக்கலீங்க. ஒருத்தர ஆத்தப் பாக்க உடறதில்ல.”

பிரவீனா நடுரோட்டில் நின்று சிரிக்கவும் அழவும் செய்தாள். “சரிங்க. வாரேன்னு ஒரு அமுக்கு அமுக்கச் சொல்லியிருக்கக்கூடாதுங்களா அக்கா? காலைல இருந்து எனக்கு உசுரே இல்ல.”

மாரக்காள் அவளை விசித்திரமாகப் பார்த்தாள். “அந்தப் புள்ளயும் அமுக்கட்டுமான்னு கேட்டுச்சு. வேண்டாம்னுட்டேன். மண்டிக்கு வாரேன்னு வாக்குக் குடுத்துப்போட்டு ஆத்துல நின்னா அது பொய்யில்லையா சாமி? நேரமாயிட்டா வர முடியாமப் போயிரும்ல?”

பிரவீனா அந்தப் பொத்தானைச் செய்தபோது அதை ஒரு எண்ணாகத்தான் நினைத்திருந்தாள். மாரக்காள் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பட்டியலில் இருந்த முந்நூற்றுப் பத்தொன்பது பேரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்களோ?

போன் அடித்தது. பாப்பாயி. பின்னால் மேளத்தைத் தட்டிப் பார்க்கும் சத்தம்.

“எங்கடி இருக்கறீங்க ரெண்டு பேரும்? நாலு மணி ஆச்சு. வாத்தியாரு பட்டியல வாங்கிப் பாத்துப்போட்டு ஆரம்பிக்க மாட்டேங்கறாரு. ‘மாரக்காளும் பிரவீனாவும் எங்க’ன்னு மைக்குல கேக்கறாரு!”

மைக்கில். பிரவீனா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், அது சொன்னதை நம்ப முடியாதவள்போல.

“அக்கா, ஏறுங்க. இங்க ஜனம் வந்தா?”

“நான் சொல்லி அனுப்பறேனுங்க, நீங்க போங்க” என்றார் போலீஸ்காரர். “மண்டி, வலது கைப்பக்கம். நூறு தடவ கேட்டாச்சு.”

மாரக்காள் ஸ்கூட்டரில் ஏறும் முன் நின்றாள். “இப்பக் காட்டு. இப்ப அமுக்கலாம். இப்ப நெசம்.” வெற்றிலைக் கறை ஏறிய சுட்டுவிரலால் அழுத்தினாள், மாவு பிசைவதுபோல் அழுத்தமாக. “உளுந்துச்சா?”

“உளுந்துச்சுங்க. முந்நூத்தி இருவது.”

பிறகு பறந்தார்கள். மாரக்காள் சேலைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு கையால் பிரவீனாவின் இடுப்பைப் பிடித்து, மறு கையில் இரண்டு ஜோடிச் சலங்கையையும் தூக்கிப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் சலங்கை கலகலத்தது. எதிரில் வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். “மெதுவாப் போ சாமி, அரங்கேற்றத்துக்குப் போறமா ஆஸ்பத்திரிக்குப் போறமா?” என்று கத்தினாள். பிரவீனாவுக்குச் சிரிப்பில் கண் மறைத்தது.

மண்டி வாசலில் வண்டியை நிறுத்தக்கூட இல்லை, யாரோ வாங்கிக்கொண்டார்கள். கூட்டம் விலகி வழி விட்டது. நடுவில் அந்த வட்டம். அத்தனை பெரிய மஞ்சளைப் பிரவீனா பார்த்ததில்லை. வட்டத்தின் கிழக்குப் பக்கத்தில் பாப்பாயிக்கும் பொன்னாயிக்கும் நடுவில் இரண்டு ஆள் நிற்கிற அகலத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். பொன்னாயி அதில் யாரும் கால் வைக்காமல் கையை நீட்டிக் காவல் நின்றாள்.

“ஓடியாங்க, ஓடியாங்க!”

குனிந்து சலங்கையைக் கட்டும்போது பிரவீனாவுக்கு அவசரத்தில் முடிச்சு விழவில்லை. யாரோ ஒருத்தி உட்கார்ந்து கட்டிவிட்டாள். யாரென்று பார்க்க நேரமில்லை. வாத்தியார் மைக்கில் தொண்டையைச் செருமினார். மேளம் விழுந்தது.

முதல் அடியிலேயே பிரவீனா கால் மாற்றி வைத்துவிட்டாள். “வலதுடி!” என்றாள் மாரக்காள். வலது காலை எடுத்து வைத்தாள்.